கிராஃபிக்ஸ் கார்டின் மெமரிக்குத் தனி ஹீட்சிங்க்: ஒட்டலாமா, வேண்டாமா? முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான கார்டுகளுக்கு வேண்டியதில்லை. அவசரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்ததும் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு கிளம்பலாம். ஆனால் சில கார்டுகளுக்கு, சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டுகள் உண்மையாகவே உதவுகின்றன. உங்கள் கார்டு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி. ஒட்டுவது சுலபம், ஒட்டத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்கப் பொறுமை வேண்டும்.

நான் கணினி பழுதுபார்ப்பது நகரியில். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது; நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. கத்திரி வெயில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. அதோடு இந்தப் பக்கம் நகரி, ஏகாம்பரகுப்பம், அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று எங்கு பார்த்தாலும் விசைத்தறி. நூல் பிசிறு காற்றிலேயே மிதக்கும். 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அறையின் சூட்டின் மேல்தான் கார்டின் சூடு ஏறி உட்காருகிறது. அறை 22-இலிருந்து 38-க்குப் போனால், ஃபேன் வேகம் மாறாதவரை சிப்பும் ஏறக்குறைய அதே 16 டிகிரி ஏறும்.

ஓவர்கிளாக் செய்தால் மெமரி எவ்வளவு கூடுதலாகச் சூடாகும்?

ஓவர்கிளாக் என்பது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டுவது. குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். கார்டின் நடுவிலுள்ள கிராஃபிக்ஸ் சிப் 120 வாட்டிலிருந்து 300 வாட்டுக்கு மேலும் தின்னும். அதைச் சுற்றியுள்ள மெமரி சிப் ஒவ்வொன்றும் தின்பது சுமார் 2 முதல் 3 வாட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் மெமரியின் வேகத்தை ஏற்றும்போது வேகம் மட்டும்தான் கூடுகிறது. மெமரியின் வோல்டேஜ் பெரும்பாலான கார்டுகளில் மாறுவதில்லை. வோல்டேஜ் மாறாவிட்டால் மின்செலவு வேகத்தின் விகிதத்துக்கு மேல் ஏறாது. அதாவது 10 சதவீதம் வேகம் கூட்டினால், 2 வாட் தின்ற சிப் அதிகபட்சம் 2.2 வாட் தின்னும்.

கூடுதல் வெறும் 0.2 வாட். ஆகவே ‘ஓவர்கிளாக் செய்திருக்கிறேன், அதனால் ஹீட்சிங்க் வேண்டும்’ என்ற வாதம் நிற்காது. சாதாரண வேகத்தில் நன்றாக இருந்த சிப் 10 சதவீதம் கூட்டினாலும் நன்றாகவே இருக்கும். சாதாரண வேகத்திலேயே கொதிக்கிறது என்றால் அது வேறு சிக்கல். ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும் அதைக் கவனிக்க வேண்டும்.

மெமரி ஒரு வேகத்துக்கு மேல் ஏற மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், மெமரிச் சிப்புக்கும் அதை இயக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே ஓடும் சமிக்ஞை அந்த வேகத்தில் கலங்கிவிடுவதுதான். சிப்பின் தரம், கட்டுப்படுத்தியின் தரம், போர்டில் தடங்கள் ஓடும் விதம் எல்லாம் அதில் சேரும். சூட்டுக்கும் பங்கு உண்டு. மெமரியின் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். சூடு ஏற ஏற அது வேகமாகக் கசியும், பிழைக்கான இடைவெளி குறுகும். ஆனால் பட்டியலில் சூடு பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பதில்லை.

விதிவிலக்கு இரண்டு. முதலாவது ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற மெமரி வகை. 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளோடு வந்த இந்த மெமரி நிஜமாகவே கொதிக்கும். சுமார் 110 டிகிரியில் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3090-இல் 24 சிப்கள். அதில் 12 போர்டின் முதுகுப் பக்கம் இருப்பதால் முன்பக்கக் குளிர்விப்பான் அவற்றைத் தொடுவதே இல்லை. இரண்டாவது ஹெச்பிஎம் என்ற வகை. ஏஎம்டியின் வேகா 56, வேகா 64 கார்டுகளில் மெமரி கிராஃபிக்ஸ் சிப்போடு ஒரே பொட்டலத்தில், ஒரே குளிர்விப்பானுக்கு அடியில் இருக்கிறது. அங்கே தனியாக ஒட்ட இடமே கிடையாது.

படி 1: சிப் வெறுமையாக இருக்கிறதா?

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மெமரியின் வகையும் அதைத் தயாரித்த நிறுவனமும் தெரியும். பிறகு கணினியை அணைத்து, கார்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் சிப்பைச் சுற்றி 12க்கு 14 மில்லிமீட்டர் அளவில் கறுப்புச் செவ்வகங்கள் தெரியும். அவைதாம் மெமரி.

அவற்றின் மேல் சாம்பல், நீலம் அல்லது வெள்ளை நிறத்தில் மெத்தென்ற ஒரு துண்டு இருந்து, அது ஓர் உலோகத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் மெமரி ஏற்கெனவே குளிர்விக்கப்படுகிறது. ஹீட்சிங்க் ஒட்ட அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. அந்த மெத்தென்ற துண்டுக்குப் பெயர் தெர்மல் பேட்; நேராகக் கீழே அதைப் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

மேலே ஒன்றுமில்லாமல் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தால் அது வெற்றுச் சிப். விலை குறைந்த ஒற்றை ஃபேன் மாடல்களில் இது சகஜம். பழைய குளிர்விப்பானைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குளிர்விப்பானைக் கிராஃபிக்ஸ் சிப்புக்கு மட்டும் மாட்டியவர்களின் கார்டும் இந்த வகைதான். தனி ஹீட்சிங்க் நியாயமாகப் பொருந்தும் இடமும் அதுவே: முன்பு மெமரியைத் தொட்ட தகடு போய்விட்டது, அதன் மேல் வீசிய ஃபேனும் போய்விட்டது.

உத்தரவாதக் காலம் முடியாத கார்டாக இருந்தால், திருகுகளின் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கிழித்தால் உத்தரவாதத்தை மறுக்கும் நிறுவனங்கள் உண்டு.

படி 2: அளவெடுங்கள்

ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளிலும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5000 வரிசை முதலான கார்டுகளிலும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் மெமரியின் சூட்டைத் தனியாகவே காட்டும். பழைய ஜிடிடிஆர்5 கார்டுகளிலும் என்விடியாவின் சாதாரண ஜிடிடிஆர்6 கார்டுகள் பலவற்றிலும் அந்த எண் வராது. மென்பொருள் காட்டும் ஒரே வெப்பநிலை கிராஃபிக்ஸ் சிப்புடையது. அதைப் பார்த்துவிட்டு மெமரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம்.

அத்தகைய கார்டுக்கு சில மல்டிமீட்டர்களோடு வரும், சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் கம்பி போதும். தறி மோட்டார் பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டாலும் கிடைக்கும். அதன் நுனியை வெற்றுச் சிப்பின் மேல் வைத்து, சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பால் ஒட்டுங்கள். போர்டின் முதுகில் ஒட்டுவதானால் முதலில் ஒரு துண்டு காப்டன் டேப்பை அடியில் ஒட்டிவிட்டு அதன் மேல் நுனியை வையுங்கள். அந்த நுனி உலோகம், சாலிடர் புள்ளிகளை இணைத்துவிட்டால் கதை முடிந்தது.

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியும் பயன்படும், ஒரு எச்சரிக்கையோடு. கறுப்புச் சிப்பின் மேல் அது ஓரளவு சரியாகக் காட்டும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் மிகக் குறைவாகக் காட்டும். ஹீட்சிங்க் ஒட்டியதும் அதைக் குறிபார்த்துவிட்டு, 20 டிகிரி இறங்கிவிட்டதாகக் கொண்டாடுவது இதனால்தான். கருவி பார்ப்பது அலுமினியத்தில் பிரதிபலிக்கும் அறையின் சூட்டை.

யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளை அல்லது நீங்கள் வழக்கமாக ஆடும் கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, எண் ஏறுவது நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மதியம் 39 டிகிரி அறையில் அளந்துவிட்டு, இரவு 30 டிகிரியில் ஹீட்சிங்க் ஒட்டி மறுபடி அளந்தால் ஒன்பது டிகிரி சும்மாவே இறங்கியிருக்கும்.

வெற்று ஜிடிடிஆர்5 சிப்பின் மேற்பரப்பு 85-க்குக் கீழே நின்றால் நான் அதைத் தொடுவதில்லை. 95-ஐ நெருங்கினால் ஏதாவது செய்தாக வேண்டும், ஓவர்கிளாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

படி 3: டேபிள் ஃபேன் பரீட்சை

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். முதலில் மெமரியின் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். ஆஃப்டர்பர்னரில் 50 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சூப்பர்பொசிஷன் மதிப்பெண்ணைக் குறியுங்கள். திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஜிடிடிஆர்5 முதற்கொண்டு தரவு போகும் வழியில் பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் வேகம் கூடியதாகத் தெரியும், படமும் சுத்தமாக இருக்கும், மதிப்பெண் மட்டும் இறங்கும். மதிப்பெண் இறங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முந்தையதே உங்கள் உண்மையான உச்சம். ஓசிசிடி மென்பொருளில் கிராஃபிக்ஸ் மெமரிக்கான சோதனையையும் ஓட்டிப் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள்.

இப்போது கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து, டேபிள் ஃபேனை முழு வேகத்தில் கார்டை நோக்கித் திருப்பிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். தறி ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கார்டு முழுக்கப் பஞ்சாகிவிடும்.

மெமரியின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி இறங்கியும் உச்ச வேகம் அப்படியே நின்றால், உங்கள் மெமரியைத் தடுப்பது சூடு அல்ல. டேபிள் ஃபேனால் கிடைக்காததை ஐந்து மில்லிமீட்டர் அலுமினியம் தராது. இங்கேயே நிறுத்திவிடலாம். சூடு இறங்கி, உச்சமும் ஏறினால் அல்லது பிழைகள் மறைந்தால் குளிர்விப்பு உங்களுக்கு உதவும். அப்போதும் முதல் தீர்வு கேபினெட்டுக்குள் இன்னொரு ஃபேன். அது மெமரியோடு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் குளிர்விக்கும். சூடே இறங்கவில்லையென்றால் சிப் தகட்டுக்கு அடியில் இருக்கிறது, பேட் சரியாகத் தொடவில்லை என்று பொருள்.

கிடைக்கப்போவது என்ன என்பதையும் இந்த இடத்தில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-இன் மெமரி வழித்தடம் 192 பிட். ஒவ்வொரு பிட் தடத்திலும் நொடிக்கு 8 ஜிகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 192 ஜிகாபைட். அதை 9-க்கு ஏற்றினால் 216. தாளில் 12.5 சதவீதம். விளையாட்டின் பிரேம் எண்ணிக்கையில் அதில் சிறு பங்குதான் வந்துசேரும், ஏனென்றால் எல்லா விளையாட்டும் எல்லா நேரமும் மெமரிக்காகக் காத்திருப்பதில்லை. ஹீட்சிங்க் ஒட்டி இன்னும் 50 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகக் கிடைத்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

படி 4: எதை வாங்குவது

பரீட்சையில் தேறியவர்களுக்கு மட்டும் இது. செம்பு வேண்டாம், அலுமினியம் போதும். செம்பு வெப்பத்தை இரு மடங்கு நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் 2 வாட் வெப்பம் ஆறு மில்லிமீட்டர் உயரம் ஏற அந்தத் திறன் தேவையே இல்லை; வித்தியாசம் ஒரு டிகிரிகூட வராது. எடை மட்டும் மூன்று மடங்குக்கு மேல். சாதாரண கேபினெட்டில் கார்டின் சிப் பக்கம் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு துண்டும் தலைகீழாக, சூட்டில், வெறும் பசையை நம்பித் தொங்கப்போகிறது.

சிப்பின் மேற்பரப்பு 1.7 சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. 14 மில்லிமீட்டர் சதுரத்தில் ஆறு மில்லிமீட்டர் உயரமுள்ள ஹீட்சிங்க்குக் காற்று படும் பரப்பு அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. முழு லாபமும் இந்தப் பரப்பில்தான் இருக்கிறது, அதுவும் காற்று ஓடினால்தான். காற்றே போகாத மூலையில் ஒட்டிய ஹீட்சிங்க் கொஞ்ச நேரத்தில் சிப்பின் சூட்டையே தானும் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் மாதிரிப் பஞ்சு பறக்கும் இடங்களில் இருப்பவர்கள் நெருக்கமான துடுப்புகள் கொண்டதை வாங்காதீர்கள். தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் ஓடிய ஒரு கார்டைத் திறந்தபோது துடுப்புகளே தெரியவில்லை. மேலே ஒரு சாம்பல் நிறப் படலம். நகத்தால் ஓரத்தை நெம்பினால் கம்பளித் துணிபோல ஒரே துண்டாக உரிந்துவந்தது. பாவுக்குப் போடும் கஞ்சியின் தூள் நூல் பிசிறோடு சேர்ந்து இறுகியிருந்தது. அந்தக் கார்டுக்கு ஹீட்சிங்க் வேண்டும் என்றுதான் கொண்டுவந்திருந்தார்கள். பிரஷும் காற்றடிப்பானும் போட்டதோடு வேலை முடிந்தது. துடுப்புகளுக்கு இடையே குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்கட்டும்.

அடுத்தது உயரம். குளிர்விப்பான் மாட்டிய நிலையில் சிப்பின் தலைக்கும் மேலேயுள்ள உலோகத்துக்கும் இடையே எவ்வளவு இடம் என்று வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் எல்லா உயரத்திலும் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குளிர்விப்பான் கிராஃபிக்ஸ் சிப்பின் மேல் சரியாக உட்காராது. மெமரியைக் காப்பாற்றப் போய்க் கார்டையே சுட்டுவிடுவீர்கள்.

படி 5: ஒட்டுதல்

ஏதாவது எர்த் செய்யப்பட்ட உலோகத்தைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சிப்பின் மேற்பரப்பை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பிசிறு விடாத துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் உதவாது. அதில் தோலுக்காகச் சேர்க்கும் கிளிசரின் படலமாகத் தங்கிப் பசையைப் பிடிக்கவிடாது. பிறகு சிப்பை விரலால் தொடவே கூடாது.

சிப்பைச் சுற்றி அரிசிக் குறுணை அளவில் மின்தேக்கிகள் இருக்கும். அவற்றின் இரு முனையும் உலோகம். ஹீட்சிங்க் சிப்பைவிட அகலமாக இருந்தால் அவற்றின் மேல் முதலில் காப்டன் டேப் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு இரட்டைப் பக்க வெப்பக் கடத்து டேப்பை ஹீட்சிங்கில் ஒட்டி, சிப்பின் மேல் நேராக வைத்து, முப்பது வினாடி அழுத்திப் பிடியுங்கள். கார்டைச் சமதளத்தில், சிப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு நாள் வையுங்கள். பசை நன்றாகப் பிடிக்க அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு அன்றே மாட்டினால் முதல் விளையாட்டிலேயே ஒரு துண்டு கழன்று கேபினெட்டுக்குள் விழும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களின் மேல் பட்டால் அலுமினியத் துண்டு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டேப்பின் கடத்துதிறன் குறைவு என்று கவலைப்பட வேண்டாம். கால் மில்லிமீட்டர் தடிமனில் சாதாரண டேப்பைக் கடக்க 2 வாட்டுக்கு ஆகும் நஷ்டம் சுமார் ஐந்து டிகிரி. மிச்ச நஷ்டம் எல்லாம் அலுமினியத்திலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில்தான். இரண்டு குழாயைக் கலந்து ஒட்டும் எபாக்ஸிப் பசையை மட்டும் தவிருங்கள். அது பிடித்தால் விடாது. பின்னால் கழற்ற முயன்றால் ஹீட்சிங்கோடு மெமரிச் சிப்பும் போர்டிலிருந்து பிய்ந்து வரும்.

ஒட்டும் வேலையில் இருக்கும்போதே மின்வழங்கல் பகுதியையும் பாருங்கள். போர்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட்கள் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சிப்கள்) வெறுமையாக இருந்தால் உங்கள் கையிலிருக்கும் ஹீட்சிங்குகளில் முதல் பங்கு அவற்றுக்கே. ஓவர்கிளாக் செய்த கார்டில் மெமரியைவிட அங்கேதான் சூடு கூடுதலாக ஏறும்.

தெர்மல் பேட்: பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இதுதான்

மெமரி ஏற்கெனவே தகட்டைத் தொடும் கார்டுகளில் பழைய பேட் காய்ந்து, எண்ணெய் கசிந்து, அழுத்தம் இழந்திருக்கும். கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலையில் இரவு பகலாக ஓடிவிட்டு விற்பனைக்கு வந்த கார்டுகளில் இது மிக அதிகம். பேட்டை மாற்றுவதே அங்கே ஹீட்சிங்க்.

பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய கடத்துதிறன் எண்ணுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் பேட்டில், 6 என்று எழுதியது 2 வாட் சிப்புக்கு இரண்டு டிகிரி நஷ்டம் தரும். 12 என்று எழுதியது ஒரு டிகிரி. ஒரு டிகிரிக்கு இரண்டு மடங்கு விலை. தடிமன் சரியாக இருப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரை மில்லிமீட்டர் மெலிந்தால் தகட்டைத் தொடவே தொடாது. அரை மில்லிமீட்டர் தடித்தால் குளிர்விப்பானைத் தூக்கி நிறுத்தி, கிராஃபிக்ஸ் சிப்பின் சூட்டை ஏற்றிவிடும். பழைய பேட்டை அழுத்தம் படாத ஓரத்தில் அளந்து, அதே தடிமனில் மென்மையான பேட்டை வாங்குங்கள். மாட்டி, திருகி, மறுபடி கழற்றிப் பாருங்கள்: ஒவ்வொரு பேட்டிலும் சிப்பின் செவ்வகம் அச்சாகப் பதிந்திருக்க வேண்டும். பதியாத சிப் காற்றில் நிற்கிறது. தடிமனில் குழப்பமிருந்தால் களிமண்போல் மென்மையான தெர்மல் புட்டி நல்ல மாற்று. அது இடைவெளிக்கு ஏற்பத் தானே அமுங்கிக்கொள்ளும்.

3090 போன்ற கார்டுகளில் முதுகுத் தகட்டுக்கு மேல் பெரிய ஹீட்சிங்க் வைத்து மேலே ஒரு சிறு ஃபேன் விட்டால் பலன் நன்றாகவே தெரியும். இந்த ஒரு வகைக் கார்டுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

இன்னொரு வழி செலவே இல்லாதது. ஒரே குளிர்விப்பானை மெமரியும் கிராஃபிக்ஸ் சிப்பும் பகிர்ந்துகொள்ளும்போது, கிராஃபிக்ஸ் சிப்பின் வோல்டேஜைச் சற்றுக் குறைத்து 30, 40 வாட் மிச்சப்படுத்தினால் தகடே குளிர்ந்து மெமரியும் இறங்கும். மே மாதத்துக்கு ஓர் அமைப்பு, மார்கழிக்கு ஓர் அமைப்பு என்று ஆஃப்டர்பர்னரில் இரண்டைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

படி 6: மறுபடி அளவு

அதே மென்பொருள், அதே அரை மணி நேரம், அதே ஃபேன் வேகம். சூட்டிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து, பழைய வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து டிகிரிக்குக் குறைவான மாற்றத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு மதிப்பெண் உச்சத்தை மறுபடி தேடுங்கள். மாதம் ஒருமுறை பஞ்சைத் தட்டும்போது ஒவ்வொரு துண்டையும் விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிற துண்டை விழும்வரை விடாமல் எடுத்து, துடைத்து, புது டேப்பில் ஒட்டுங்கள்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே ஒரு பொட்டலம் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். பழைய மதர்போர்டுகளில் பிராசசருக்குப் பக்கத்தில் வெறுமையாக நிற்கும் மாஸ்ஃபெட்களுக்கும், கையை வைக்க முடியாமல் கொதிக்கும் எம்.2 எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்திச் சிப்புக்கும் அவை நன்றாகவே பொருந்தும்.